கறுப்பாற்றுப் பூதத்தின் இடது கால்

ஆலிஸின் கனவில் அவளுடைய அண்ணன் பேட்ரிக் எப்போதும் உட்கார்ந்தேதான் இருப்பான். மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருப்பான், மாதா கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், ஒரு தடவை மார்க்கெட்டில் மீன் வெட்டும் பலகைமேல்கூட உட்கார்ந்திருந்தான். "எந்திரிச்சு வாண்ணே" என்று கூப்பிட்டால் சிரிப்பான். எழுந்திருக்க மாட்டான். நாற்பது வருஷத்துக்கு மேலாக இதே கதை. செத்துப்போனவன் கனவில் வருவதே பெரிய விஷயம், வந்தவனை நடக்கச் சொல்லி வம்பு பண்ணுவது என்ன நியாயம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஆலிஸுக்கு அவன் ஒரு தடவை நடக்க வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

முகம் மறந்துவிடவில்லை. முகத்துக்குப் படம் இருக்கிறது. புதுநன்மை வாங்கிய அன்று மெழுகுத்திரியோடு எடுத்தது ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்று. நடைக்கு ஏது படம்? அந்தக் காலத்தில் ஆற்றோரச் சுங்கை பினாங்கில் எவர் வீட்டில் வீடியோ கேமரா இருந்தது? மழை அடித்துப் பெய்தால் ஆறுதான் வீட்டுக்குள் வரும். சிலிப்பர் தண்ணீரோடு போய்விடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்க அங்கே பிள்ளைகள் எல்லாரும் பழகியிருந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் மற்ற பிள்ளைகள் பழையபடி நடந்தார்கள். பேட்ரிக் மட்டும் காய்ந்த சிமெண்டுத் தரையிலும் நாலு எட்டுக்கு ஒரு தடவை இடது காலைத் தூக்கி, எதையோ தாண்டுவதுபோல மெதுவாக வைப்பான். பாரமெல்லாம் வலது காலில் விழும். அதனால் வலது சிலிப்பர்தான் முதலில் தேயும். "ஒத்தச் சிலிப்பர் எந்தக் கடையிலடா விக்கிறான்?" என்று அம்மா கத்துவார்.

இதையெல்லாம் ஆலிஸுக்குச் சொல்லத் தெரியும். பார்க்கத்தான் முடியவில்லை. கண்ணை மூடினால் சொல் வரும், கால் வராது. கெலுகோர் சாலையில் மழையில் லாரியோடு மோதி அவன் போனபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அடக்கம் முடிந்து சில மாதங்கள்வரை அவன் நடை அவள் கண்ணுக்குள் இருந்தது. பிறகு என்றைக்குப் போனதென்று தெரியாமலே போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆலிஸ் தன் வாழ்நாளில் பாதியை அடுத்தவர் நடையைப் பார்த்தே ஓட்டியவள். பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சிப்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஊர்ப் பேச்சில் கிலாங், ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். உள்ளே தூசி ஆகாது. மனிதரே அங்கே தூசி மூட்டைதான் என்பதால், உச்சந்தலையிலிருந்து பாதம்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, வாயைக் கட்டி, கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். விளக்கு மஞ்சளாக எரியும். பகலா இரவா, வெளியே மழையா வெயிலா, ஒன்றும் தெரியாது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் முகமில்லாத வெள்ளை உருவங்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். முதல் நாள் ஆலிஸ் தான் செத்து மேலே போய்விட்டதாகவே நினைத்தாள்.

ஆள் தெரியாத அந்த இடத்தில் ஆளை அடையாளம் காண ஒரே வழி நடைதான். அந்த வித்தையில் ஆலிஸை அடிக்க ஆளே கிடையாது. கால் பதிவதை வைத்து யார், என்ன மனநிலை, வீட்டில் சண்டையா என்பதுவரை சொல்லிவிடுவாள். சினிமாவுக்குப் போவதற்காக ஒருத்தி தன் அட்டையைத் தோழியிடம் மாட்டிவிட்டு நழுவியபோது, அந்தக் கோடியிலிருந்தே, "ரொஸ்னா, அடுத்தவ அட்டையில நீ ஏன் நடக்கிற?" என்று கேட்டு எல்லாரையும் வாயடைக்க வைத்தாள். லைன் லீடர் ஆனதற்கு இந்தக் கண்ணும் ஒரு காரணம். கணவன் பெர்னார்ட் இருந்தவரை, "பொண்டாட்டிக்குத் தெரியாம நான் பக்கத்து வீட்டுக்குக்கூட நடக்க முடியாது லா" என்று கூட்டாளிகளிடம் புலம்பிக்கொண்டிருந்தார். ஊரில் உள்ளவர்கள் நடையெல்லாம் தெரியும். ஒருத்தன் நடை மட்டும் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை மகள் நட்டாலி கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து வந்தாள். அங்கே அவளுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. வந்ததும் வராததுமாகக் கைப்பேசியை அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அம்மா, இது பேட்ரிக் மாமா நடிச்ச படந்தானே?"

ஒரு படம் போட்ட விளம்பரம். கயிறும் சாக்குமாக ஓர் உருவம், வாய் பிளந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே 'கறுப்பாற்றுப் பூதம்' என்று கோணல் எழுத்து. ஆலிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் படத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தவர் அப்துல் ரசாக். மணவறையில் முறைத்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளைகளைப் பார்த்துச் சலித்துப்போயோ என்னவோ, ஒரு பயங்கரப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். ஊர்ச் சாக்கடை முழுவதும் கலந்து ஆறு அப்போது மையாகக் கறுத்துக் கிடக்கும். அந்தச் சேற்றிலிருந்து ஒரு பூதம் எழுந்து ஊரையே விழுங்க வருகிறது. இதுதான் கதை. கையில் காசில்லை. ஆகவே மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்த பேட்ரிக்கே பூதத்தைத் தைத்தான், பூதமாகவும் ஆனான். கொப்பரைச் சாக்கு, தேங்காய் நார், டயர் ட்யூப், பின்னால் ஒரு நீண்ட வால். கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் சிக்னல் விளக்கு. பேட்டரியை இடுப்பில் கட்டியிருந்தான். அது நனைந்தால் ஒரு கண் மட்டும் மினுக்கும். ஊரை விழுங்க வந்த பூதம், எதிரே வரும் பெண்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே வந்தது.

நடை அதைவிட மோசம். கோரமாக உறுமிக்கொண்டு வந்த பூதம், சாக்கடை ஓரம் வந்ததும் காலை அழுக்காக்கிக்கொள்ளக் கூடாதென்பதுபோல் நாசூக்காகத் தூக்கி வைத்தது. எடுத்த துண்டுகளைப் போட்டுப் பார்த்தபோது பயப்பட வேண்டியவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்துல் ரசாக் ஒரு நாள் முழுக்கச் சோறு சாப்பிடவில்லையாம். மறுநாள் வந்து, "சரி, சிரிக்கட்டும். பயந்துக்கிட்டே சிரிக்கட்டும்" என்று கதையை மாற்றிவிட்டார். பூதம் இப்போது மனிதரைத் தின்னாது, நாசி கண்டார் சோற்றுக் குழம்பு வாசத்துக்கு மயங்கிக் கடைக்கடையாய் அலையும்.

படம் முடிவதற்குள் பேட்ரிக் போய்விட்டான். அப்துல் ரசாக் எப்படியோ முடித்து, ஒரு கொட்டகையில் சில நாள் ஓட்டினார். ஆலிஸின் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. "எம்புள்ளைய நான் பூதமாப் பாக்க மாட்டேன்" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது, நான் மட்டும் போய்ப் பார்க்கட்டுமா என்று ஆலிஸால் எப்படிக் கேட்க முடியும்? துக்கம் ஆறி, கேட்கலாம் என்று தைரியம் வந்தபோது படம் ஊரில் இல்லை. அப்துல் ரசாக்கும் காலமாகிவிட்டார்.

இப்போது அந்த ஸ்டூடியோவை விற்கும்போது மாடியில் படச்சுருள் அகப்பட்டதாம். பழைய படங்களைத் தேடிப் பிடித்துத் திரையிடும் பிரமிளா என்ற பெண் அதைச் சுத்தம் பண்ணி வைத்திருந்தாள். முதல் பாதி அழுகிப் பிசினாக ஒட்டிப்போய்விட்டது. பின்பாதிதான் தேறியது. "பாதிதான் ஆன்ட்டி, பரவாயில்லையா?" என்று அவள் போனில் கேட்டாள்.

"நாலு எட்டு நடந்தாப் போதும்மா" என்றாள் ஆலிஸ். பிரமிளாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஆர்மீனியன் தெருப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில்தான் திரையிடல். மாலை வெயில் சன்னல் பலகைகளுக்கிடையே கோடுகோடாக விழுந்திருந்தது. ஆலிஸ் ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். வந்திருந்ததெல்லாம் இளவட்டம். பழைய தரித்திரத்தைப் பார்க்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு வெள்ளைத் தாடி. அது ஷேக் அலாவுதீன். பேட்ரிக்கின் உயிர்க் கூட்டாளி. அப்போது சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த அவர் தகப்பனார் சோற்றுக்கடையில் தட்டு எடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது அந்தக் கடைக்கே முதலாளி. பிரமிளா அவரை எழுந்து நிற்கச் சொல்லி, "படப்பிடிப்பில் பூதத்தின் வாலைத் தூக்கியவர் இவர்தான்" என்று அறிமுகப்படுத்தினாள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவர் அவசரமாக உட்கார்ந்துகொண்டார்.

விளக்கு அணைந்தது. முதலில் பெயர்ப் பலகைகள் வந்தன. அவை மட்டும் முன்பகுதியிலிருந்து தப்பியவை. 'பூதமாக: பேட்ரிக்' என்று அரை நிமிஷம் நடுங்கிக்கொண்டு நின்றது. நட்டாலி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படம் நடுவிலிருந்து தொடங்கியது. நிறமெல்லாம் வெளிறி, காலை நேரத்து மூடுபனிக்குள் ஊரைப் பார்ப்பதுபோல் இருந்தது. பூதம் கடைகளுக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் வந்தது. தையல்காரர் ஒருவர் அதைப் பார்க்காமலே உயரம் அளந்தார், மார்பு அளந்தார், வாலை அளக்கும்போது நிமிர்ந்து பார்த்து மயங்கி விழுந்தார். பூதம் பதறிப்போய் அவர் நாடாவாலேயே அவருக்கு விசிறியது. நாசி கண்டார் கடை வரிசையில் பூதம் பொறுமையாக நின்றது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "வரிசையில வாங்க" என்று அதட்டியதும் தலையைக் குனிந்துகொண்டு கடைசிக்குப் போனது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று ஆலிஸுக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் அவளும் சிரித்தாள். வீட்டிலும் அவன் இப்படித்தான், எல்லாரையும் சிரிக்க வைக்காமல் சோறு இறங்காது.

கடைசிக் காட்சியில் பூதம் ஊரை விட்டுப் போகிறது. யாரும் துரத்தவில்லை. போக வேண்டும் என்று அதற்கே தோன்றிவிடுகிறது. அந்தி நேரம், கடல் உள்வாங்கிச் சேறு பளபளவென்று கிடக்கிறது. வானமும் சேறும் ஒரே சாம்பல் நிறம். பூதம் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறது. நாலு எட்டு வைத்து, காலைத் தூக்கி, எதையோ தாண்டுவதுபோல் மெதுவாக வைக்கிறது. மறுபடி நாலு எட்டு, மறுபடி ஒரு தாண்டல். சின்னதாகிக்கொண்டே போகிறது. ஆலிஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் இருந்தவர்களும் உட்காரச் சொல்லவில்லை.

விளக்குப் போட்டதும் நேரே அலாவுதீனிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துட்டேன் அண்ணே. நடந்தான். அவனேதான். ஆயிரம் பேர்ல விட்டாலும் எனக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். அலாவுதீன் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு, "நல்லதும்மா, ரொம்ப நல்லது" என்றார். அங்கே வைத்திருந்த பலகாரம்கூட எடுக்காமல் மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க ஆலிஸ் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவிடம் சொன்னாள். கோயிலில் பாடற்குழுவில் சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம், மழை தூறும் சத்தத்தில் சோபாவிலேயே கண் அயர்ந்தபோது கனவு வந்தது. பேட்ரிக் வந்தான். பூத உடுப்பைத் துணி மடிப்பதுபோல் மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அதான் நடந்து காட்டிட்டியே, இன்னும் ஏன் குந்திக்கிட்டிருக்க?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். எழுந்திருக்கவில்லை.

ஆலிஸ் திடுக்கிட்டு விழித்தாள். கனவை நம்பி வாழ்பவள் கிடையாது அவள், கிலாங்கில் வேலை பார்த்தவள். இருந்தாலும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. பிரமிளாவுக்குப் போன் போட்டு அந்தக் கடைசிக் காட்சியையும் அஞ்சடிக் காட்சியையும் அனுப்பச் சொன்னாள். மறுநாள் நட்டாலி வந்து அவற்றைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டாள். அழுகையும் கூட்டமும் இல்லாமல், காலைக் காப்பிக்குப் பிறகு, லைன் லீடரின் கண்ணோடு ஆலிஸ் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தூக்கியது வலது கால்.

"மறுபடி போடு."

மறுபடியும் வலது கால்.

"படத்தத் திருப்பிப் போட்டுருப்பாங்களோம்மா? கண்ணாடியில தெரியற மாதிரி?" என்றாள் நட்டாலி.

அஞ்சடிக் காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். பூதத்தின் தலைக்கு மேலே தையல்கடைப் பெயர்ப்பலகை நேராகத்தான் இருந்தது. அதன் கீழே பூதம் நாசூக்காகத் தூக்கியதும் வலது கால்தான். ஆலிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தேய்ந்துபோன அந்த வலது சிலிப்பர், அம்மாவின் கத்தல், எல்லாம் நினைவிருக்கிறது. அதில் சந்தேகமே கிடையாது. சாக்குக்குள் இருந்தது அவன் இல்லை.

அவனை இன்னொரு தடவை அடக்கம் பண்ணியதுபோல் இருந்தது அவளுக்கு. அடுத்து வந்தது கோபம். ஊர் பேர் தெரியாத எவனோ ஒருவனுக்காக எழுந்து நின்று அழுதிருக்கிறோம், கீரைக்காரம்மா வரைக்கும் பறைசாற்றியிருக்கிறோம். நடையைப் பார்த்தே பிழைத்த கண் இது. இதைப்போய் ஒரு சாக்குமூட்டை ஏமாற்றிவிட்டதே! நட்டாலி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் சிலிப்பரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மகள்தான் கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அலாவுதீன் கடையில் மதியக் கூட்டம் வடிந்துவிட்டிருந்தது. வேலைக்காரர்கள் பின்கட்டில் தூங்கினார்கள். கழுவிய தரை இன்னும் ஈரமாக மின்னியது. அந்த ஈரத்தில் தெரு வெளிச்சம் கடைக்குள் பாதிவரை வந்து கிடந்தது. அலாவுதீன் கல்லாவில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆலிஸ் வந்த வேகத்தைப் பார்த்ததுமே தைலக் குப்பியை மூடினார்.

"ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லுங்க அண்ணே. அந்த உடுப்புக்குள்ள யாரு?"

"பேருதான் போட்டிருக்கே லா, பேட்ரிக்னு."

"பேரு கெடக்கட்டும். அவன் தூக்குறது எடது கால். படத்துல வலது கால் தூக்குது. நான் நாலு தடவ பாத்துட்டேன்."

அலாவுதீன் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவற்றைப் பார்ப்பதுபோல இருந்தது.

"எந்தக் கால்னு நான் யோசிச்சதே இல்ல ஆலிஸ்" என்றார் மெதுவாக. "மொதப் பாதி அவன். அதுதான் அழுகிப் போச்சு. மிச்சமிருக்கிறது பூரா நான்."

ஆலிஸ் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். பாதிப் படத்தோடு அப்துல் ரசாக் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, உடுப்பை நான் மாட்டிக்கொள்கிறேன், ஆனால் பெயர் அவன் பெயராகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நுழைய மாட்டேன் என்று இவர் பிடிவாதம் பிடித்தாராம். உடுப்புக்குள் அவனுடைய வேர்வை வாடை அப்படியே இருந்ததாம். அந்தச் சேற்றில் கடைசிக் காட்சி எடுத்தபோது உள்ளே அழுதுகொண்டே நடந்தாராம். வெளியே யாருக்கும் தெரியவில்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீ வந்து கையப் புடிச்சிக்கிட்டு சிரிச்ச. எந்த வாயால சொல்லச் சொல்ற?"

அவளால் அதற்குமேல் கோபித்துக்கொள்ள முடியவில்லை. நட்டாலி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆலிஸ் கேட்டாள்: "அவன் போன பொறவு யாரு உங்களுக்கு அந்த நடையச் சொல்லிக் குடுத்தது?"

"பொறவா? உசுரோட இருக்கும்போதே அவனே சொல்லிக் குடுத்ததுதான். ஒரு தடவ அவனுக்குக் காய்ச்சல் வந்துச்சு. 'எனக்கு முடியலன்னா நீ போட்டுக்கடா, நடைய மட்டும் கெடுத்துடாத'ன்னான். இங்கதான், இதே கடையில. அத்தா மத்தியானம் தூங்குற நேரம். அவன் அந்தா, கை கழுவுற தொட்டிகிட்ட நிப்பான். நான் இந்தக் கல்லாகிட்ட. ரெண்டு பேரும் எதிருக்கெதிர் நடந்து வருவோம். அவன் எந்தப் பக்கம் தூக்குறானோ நானும் அந்தப் பக்கம் பாத்துத் தூக்குவேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எதிரே நிற்பவனுடைய இடது பக்கம் நமக்கு வலது பக்கம். கண்ணாடியைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுபோல் அவர் பேட்ரிக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். பின்பாதி முழுக்க அந்தக் கால் தப்பாக வந்ததென்றால், அதற்குக் காரணம் அவருக்கு நேர் எதிரே பேட்ரிக் நின்றதுதான்.

"நடங்கண்ணே" என்றாள் ஆலிஸ்.

"என்னாது?"

"நடந்து காட்டுங்க."

"முட்டி வலி லா. வயசு என்னான்னு நெனச்ச?"

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் எழுந்தார். கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டார். மேசைகளுக்கு நடுவே, வயிறு முன்னால் போக, நாலு எட்டு வைத்து வலது காலைத் தூக்கித் தாண்டி வைத்தார். ஆலிஸ் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பேட்ரிக் இல்லை, பேட்ரிக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருடைய நடை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அலாவுதீன் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கல்லாப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நீ அங்க போ. தொட்டிகிட்ட. அவன் நின்ன எடத்துல நில்லு. நான் தூக்குற பக்கமே நீயும் தூக்கு. யோசிக்காத, என்னப் பாத்துக்கிட்டே வா."

ஆலிஸ் போய் நின்றாள். ஈரத் தரை, நடுவில் வெளிச்சம், அந்தக் கோடியில் ஒரு வெள்ளைத் தாடி. அவர் ஓர் எட்டு வைத்தார், அவளும் வைத்தாள். இரண்டு. மூன்று. நான்கு. அவர் வலது காலைத் தூக்கினார். அவளுடைய இடது கால் எழுந்தது.

எழுந்து, தண்ணீரைத் தாண்டி, மெதுவாகப் பதிந்தது. பாரமெல்லாம் வலது பாதத்தில் இறங்கியது. சிலிப்பர் தேய்வது தெரிந்தது. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய, தோள் தானாக அடுத்த பக்கம் போயிற்று. அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். கோயிலுக்குப் போகும்போது பின்னால் நடந்துகொண்டே பார்த்த தோள் அது. எந்தக் கனவும் கொண்டுவராததை அவள் காலே கொண்டுவந்துவிட்டது. வாசலில் நட்டாலி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆலிஸ் நிற்கவில்லை. மறுபடி நாலு எட்டு, மறுபடி அந்த இடது கால்.

கடையின் நடுவில் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் வந்து நின்றார்கள். அலாவுதீன் தலையைக் குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"என்னண்ணே?" என்றாள் ஆலிஸ் பயந்துபோய்.

"குட்டு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "நடுவுல வந்து சேந்தா ஒவ்வொரு தடவையும் நறுக்குன்னு ஒரு குட்டு வைப்பான். எத்தன வருஷமாச்சு."

ஆலிஸ் விரலை மடக்கி, அவர் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியின் மேல் குட்டினாள். கொஞ்சம் பலமாகவே குட்டிவிட்டாள்.